ஜீப் கண்ணாடிக்குத் தண்ணீர் வந்த காலை

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில், காலை ஆறரை மணிக்கு, மாம்பழக் கலர் பட்டுப்புடவையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு பழைய ஜீப்பின் திறந்த பானெட்டுக்குள் தலையை விட்டு நின்றுகொண்டிருந்தேன். பல்லுக்கு நடுவில் ஒரு தையல் ஊசி. கையில் சுண்டுவிரல் தடிமனில் ரப்பர் குழாய். எனக்கு வயது நாற்பத்து மூன்று. பெண் பார்ப்பது என்று சொல்வார்களே, அது நடந்துகொண்டிருந்தது.

என்னைப் பார்க்க வேண்டியவர் வாசல்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அரக்குப் பட்டு, வெள்ளி பிரேம் கண்ணாடி. கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். பெயர் வேதவல்லி. நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட சௌந்தருக்கு அக்கா.

"ஆச்சா?" என்று கேட்டார்.

ஊசி வாயில் இருந்ததால் "ம்" என்றேன். மூன்று மாதமாக எங்கள் கல்யாணப் பேச்சுக்கு அவர் சொல்லிவந்த ஒரே பதிலும் அதுதான்.

போர் பம்ப்பில் விழுந்த முடிச்சு

இந்தத் தொடரைப் படிக்கும் சிலர் கடிதம் போட்டுக் கேட்டிருந்தார்கள். தென்னூர் கத்தோலிக்கக் குடும்பத்துக் கெமிஸ்ட்ரி டீச்சருக்கும் ஸ்ரீரங்கத்து ஐயங்காருக்கும் எங்கே முடிச்சு விழுந்தது என்று. மருங்காபுரிப் பக்கத்தில், ஒரு ஸ்கூலின் போர் பம்ப்பில்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு என்னை அந்த ஸ்கூலுக்குப் போட்டிருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் உப்பைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதி, அதில் பாதிப் பேர் ஒரே தப்பைச் செய்திருந்ததால் பேப்பர் பார்த்து முடிக்க நேரமாகிவிட்டது. வெளியே வந்தால் திருச்சி பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிறது. அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்து.

பம்ப்படியில் ஒருவர் குந்தி உட்கார்ந்து பிளாஸ்டிக் பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். லேபிள் கோணலாக ஒட்டிவிட்டால் பிரித்து மறுபடி ஒட்டினார். எனக்கு அது பிடித்திருந்தது.

"சார் தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல இருக்காரு. திருச்சிக்குத்தான் போறாரு டீச்சர், ஏறிக்குங்க" என்றார் ஹெட்மாஸ்டர்.

அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் பச்சை. மேலே கித்தான் கூரை. கதவைச் சாத்த உள்ளேயிருந்து ஒருவர் இழுக்க, வெளியேயிருந்து ஒருவர் தள்ள வேண்டும். கொல்லிமலையில் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடமிருந்து வாங்கியது. மேட்டில் ஏறினாலும் ஓடைக்குள் இறங்கினாலும் ஒன்றும் ஆகாது என்று சௌந்தர் பெருமையாகச் சொன்னார். சமதரையில்தான் கொஞ்சம் சிரமப்படும்.

துவரங்குறிச்சி தாண்டி ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது. எதிரில் வந்த டிப்பர் லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும், செக்கச்செவேல் என்று ஒரு அண்டாச் சேறு எங்கள் கண்ணாடியில் வந்து அப்பிக்கொண்டது. பகல் மூன்று மணிக்கு வண்டிக்குள் இருட்டிவிட்டது.

சௌந்தர் வைப்பரைப் போட்டார். அது சேற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தோசைமாவு போல அழகாகத் தேய்த்தது. கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் குமிழை அமுக்கினார். உள்ளே எங்கோ 'ங்ங்ங்' என்று ஒரு முனகல். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. மறுபடி 'ங்ங்ங்'. கடைசியில் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வண்டியை உருட்டி, ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார்.

இறங்கி, பின் சீட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கண்ணாடியில் ஊற்றினார்.

"அது சாம்பிள் இல்லையா சார்?"

"இது ஸ்பேர் மேடம். ஒவ்வொரு ஊர்லயும் ரெண்டு பாட்டில் எடுப்பேன். மிச்சமானதை இந்த டேங்க்ல ஊத்திடுவேன். தண்ணியை வேஸ்ட் பண்ணக் கூடாது பாருங்க."

"எந்த டேங்க்ல?"

"இதோ, கண்ணாடிக்குத் தண்ணி அடிக்குமே, அதோட டேங்க்."

நான் அவரையே பார்த்தேன். "ஊர் ஊரா போய், உங்க தண்ணியில உப்பு ஜாஸ்தி, குழாய் அடைச்சுக்கும்னு எழுதிக் குடுக்கிறீங்க."

"ஆமா."

"அந்தத் தண்ணியைத் தூக்கிட்டு வந்து உங்க வண்டியில ஊத்துறீங்க."

கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். காது முதலில் சிவந்தது. பிறகு நெற்றி. அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், மட்கார்டில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வர, மூச்சு வாங்க. நானும் சிரித்தேன். ரோட்டோரம் ஆடு ஓட்டிக்கொண்டு போனவர் நின்று பார்த்துவிட்டு, இதுகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஆடுகளை ஓரமாக ஓட்டிக்கொண்டு போனார்.

தன்மேல் குற்றம் சொன்னதற்கு அப்படிச் சிரித்த ஆணை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்ட ஒன்பது வருஷத்தில் எனக்கு வந்த வரன்கள் எல்லாம் தங்களைப் பற்றி ரொம்பத் தெளிவாக இருந்தவர்கள்.

ஒரு "ம்" கேட்ட கதை

அடுத்த வாரமே எங்கள் ஸ்கூல் தண்ணீர்த் தொட்டிக்கு ரிப்போர்ட் கொடுக்க வந்தார். அதற்கு அடுத்த வாரமும் அதே ரிப்போர்ட்டைக் கொடுக்க வந்தார். ஆபீஸ் கிளார்க் அம்மாள், "டீச்சர், இந்தத் தண்ணிக்கு இன்னும் எத்தனை ரிப்போர்ட் வரும்?" என்று கேட்டபோதுதான் எனக்கே விஷயம் உறைத்தது.

மலைக்கோட்டைக்குக் கீழே, சின்னக் கடைவீதிக் கூட்டத்தில் நடந்துகொண்டே அவர் கேட்டார். ஒரு பாத்திரக் கடைக்காரர் பித்தளை அண்டாவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எங்களுக்கு நடுவில் புகுந்து போனார். அவர் போன பிறகு மறுபடி கேட்டார். நான் முதல் தடவையே சரி என்று சொல்லியிருந்தேன். அண்டாவில் மோதிப் போய்விட்டது.

என் அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "பாடுவாரா?" என்று கேட்டார். எங்கள் மாதா கோவில் பாடகர் குழுவை அண்ணன்தான் நடத்துகிறார். பாடமாட்டார் என்றேன். "அப்ப நல்ல மனுஷனாத்தான் இருக்கணும்" என்றார். குழுவில் அவருக்கு அவ்வளவு அனுபவம்.

அக்காதான் பாக்கி.

சௌந்தருக்கு ஏழு வயதில் அம்மாவும், அடுத்த வருஷமே அப்பாவும் போய்விட்டார்கள். அக்கா கல்யாணமே செய்துகொள்ளாமல், வேலைக்குப் போய் அவரை வளர்த்தார். அந்த அக்காவிடம் ஒரு நாள் சௌந்தர் என் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், என்ன மதம் என்றும் சொன்னார். அக்கா "ம்" என்று சொல்லிவிட்டுத் தளிகை பண்ண அடுப்படிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு எப்போது எடுத்தாலும் அந்த ஒரு எழுத்துதான்.

நான் ஒரு முறை நேரில் வந்து பார்க்கிறேன் என்றேன். சௌந்தர் ஒரு திட்டம் போட்டார். இப்போது நினைத்தால் அதை யாரும் திட்டம் என்று சொல்லமாட்டார்கள்.

ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதுரையில் அவர்கள் ஒன்றுவிட்ட அண்ணன் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தத்தில் பெண் உடுத்த வேண்டிய கூரைப்புடவையை இங்கே மலைக்கோட்டையில் எடுத்து, ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தார்கள். டெய்லர் இழுத்தடித்ததில் முந்தைய நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்தது. அக்காவே கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஏற்பாடு. பத்து மணிக்கு மேல் முகூர்த்தம். ஏழு மணிக்குள் ஜீப் கிளம்ப வேண்டும்.

"கல்யாண நாள்னா அக்கா சந்தோஷமா இருப்பா. நீங்க ஆறு மணிக்கு வந்து, அஞ்சு நிமிஷம் நமஸ்காரம் சொல்லிட்டுப் போயிடுங்க" என்றார் சௌந்தர்.

அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் மாம்பழக் கலர் பட்டு.

நான் வாயை விட்டேன்

ஸ்கூட்டரில் காவேரிப் பாலம் தாண்டும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. வீதியில் ஈரக் கோலங்களின் ஓரம் கரைந்துகொண்டிருந்தது. அக்கா வாசலிலேயே நின்றார், கைக்குழந்தையைப் போலப் புடவைப் பையை அணைத்தபடி.

"வாங்கோ" என்றார். உள்ளே என்று சொல்லவில்லை.

"வணக்கம் மேடம்."

"சௌந்தர் சொன்னான்."

அவ்வளவுதான் பேச்சு. தூறல் கித்தான் கூரையில் படபடத்தது. சௌந்தர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். அந்த மௌனத்தை எப்படியாவது நிரப்ப வேண்டுமே என்று, ஜீப் கண்ணாடியில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்து நான் கேட்டேன்:

"வாஷர் சரி பண்ணிட்டீங்கள்ல?"

எட்டு மாதமாகச் சரி பண்ணுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. அக்காவுக்கும்.

"என்ன வாஷர்?" என்றார் அக்கா.

"கண்ணாடிக்குத் தண்ணி அடிக்கும் மேடம். அது வரலைன்னா ரொம்பக் கஷ்டம். அன்னைக்கு மருங்காபுரிப் பக்கம் சேறு அடிச்சு, ஒண்ணுமே தெரியாம, சார் தலையை வெளிய நீட்டிக்கிட்டு…"

பாதியிலேயே எனக்குப் புரிந்தது. வாய் அது பாட்டுக்கு முடித்துவிட்டுத்தான் நின்றது.

"கண்ணு தெரியாம வண்டி ஓட்டினியாடா?"

"ஓட்டலக்கா. உருட்டினேன்."

"அது இவாளுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல உக்காந்துண்டிருந்தா."

அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தார். பிறகு ஜீப்பை. இரண்டில் எதன்மேல் அதிகக் கோபம் என்று தெரியவில்லை.

"கூரைப்புடவையை வெச்சுண்டு நடு ரோட்ல கண்ணைக் கட்டிண்டு நிக்க என்னால ஆகாது. இது சரியானாத்தான் ஏறுவேன். இல்லேன்னா டாக்சி சொல்லு."

சௌந்தர் மூன்று பேருக்குப் போன் போட்டார். நல்ல முகூர்த்த நாள். மூன்று வண்டியும் கல்யாணத்துக்குப் போயிருந்தது. மதுரை ரயில் போய்விட்டிருந்தது. பஸ்ஸில் ஏறி இறங்க அக்காவின் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. மதுரையில் ஒரு பெண் புடவைக்காகக் காத்திருக்கிறாள்.

நான் சொன்னேன்: "அரை மணி நேரம் குடுங்க மேடம். நான் சரி பண்ணிடறேன்."

ஏன் சொன்னேன் என்று தெரியாது. அதுவரை என் வாழ்க்கையில் நான் ரிப்பேர் செய்த ஒரே வண்டி, செயின் கழன்ற சைக்கிள்.

ஊசியும் எலுமிச்சம்பழமும்

ஆனால் அடைப்பு என்றால் எனக்குத் தெரியும். லேபில் எத்தனை ப்யூரெட் குழாய்களை அடைப்பெடுத்திருக்கிறேன்.

பானெட்டைத் திறந்தோம். "அமுக்குங்க" என்றேன். 'ங்ங்ங்'. மோட்டார் உயிரோடுதான் இருக்கிறது. அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் மேலே வந்து, இரண்டாகப் பிரிந்து, பானெட்டில் இருந்த இரண்டு ஜெட்டுகளுக்குப் போகிறது. கறுப்பாக, சுண்டைக்காய் அளவில், முனையில் ஊசித்துளை. ஒரு ஜெட்டிலிருந்து குழாயை உருவிவிட்டு, "இப்ப அமுக்குங்க" என்றேன்.

குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து நேராக என் மார்பில் அடித்தது. மாம்பழக் கலரில் பச்சைப் பாசி.

"வருது!" என்று கத்தினேன். சந்தோஷத்தில்தான். குழாய் வரைக்கும் சரி என்றால் அடைப்பு ஜெட்டில்தான்.

இரண்டு ஜெட்டையும் கீழேயிருந்து அமுக்கிக் கழற்றினேன். ஒன்றின் துளையில் வெள்ளை வெளேரென்று உப்புக் கட்டி. மருங்காபுரி, மணப்பாறை, வையம்பட்டி என்று ஊர் ஊராக வந்து சேர்ந்த உப்பு. இன்னொன்றில் செம்மண். மோந்து பார்த்தேன், சுரண்டினேன். குளவி கூடு கட்டியிருந்தது.

"குளவியா!" என்றார் சௌந்தர், தனக்குத் தெரியாமல் யாரோ குடிவந்துவிட்டதைப் போல.

நான் வாசல்படியைப் பார்த்தேன். "மேடம், கொஞ்சம் வினிகர் கிடைக்குமா?"

"எங்காத்துல அதெல்லாம் கிடையாது."

"எலுமிச்சம்பழம்?"

ஒரு நொடி யோசித்தார். "இருக்கு."

"ரெண்டு வேணும் மேடம். ஒரு டம்ளர் வெந்நீரும்."

உள்ளே போனவர் திரும்பி வந்து, டம்ளரையும் நறுக்கிய எலுமிச்சம்பழத்தையும் படியில் வைத்தார். என் கையில் தரவில்லை. நான் படியிலிருந்து எடுத்துக்கொண்டேன். அதைக் கவனித்தேன், மனசு கொஞ்சம் சுருங்கியது, ஆனால் அதற்கெல்லாம் நேரமில்லை.

வெந்நீரில் சாற்றைப் பிழிந்து ஜெட்டுகளைப் போட்டதும், உப்பு அடைத்த ஜெட்டிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழ்கள் கிளம்பின. அக்கா ஒரு படி இறங்கினார்.

"நுரைக்கறதே!"

"உப்பு கரையுது மேடம். கார்பன் டை ஆக்சைடு வருது."

"தெரியும். நானும் முப்பது வருஷம் ஸ்கூல்லதான் இருந்தேன்" என்றார். ஆனால் இன்னொரு படியும் இறங்கினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"எதாவது ஊசி இருக்குமா மேடம்? மெல்லிசா."

இந்தத் தடவை படியில் வைக்கவில்லை. தையல் டப்பாவையே கொண்டுவந்து, மூன்று ஊசிகளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, இருப்பதிலேயே மெல்லியதை என் விரல்களுக்குள் வைத்து, "குத்திக்காதேள்" என்றார்.

முன்பக்கத்திலிருந்து குத்தினால் அழுக்கு உள்ளேதான் போகும். பின்பக்கத்திலிருந்து ஊசியை விட்டு மெதுவாகச் சுழற்றினேன். மறுபடி வெந்நீர். மறுபடி ஊசி. சௌந்தர் டயருக்குக் காற்றடிக்கும் கால் பம்ப்பைக் கொண்டுவந்து, அதன் முனையை ஜெட்டில் வைத்து மிதித்தார். மூன்றாவது மிதியில் 'டிக்' என்று அரிசி மணி போல ஒன்று பறந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கதவில் பட்டது. குளவிக் கூடு தூளாக உதிர்ந்தது. ஜெட்டைத் தூக்கி வானத்தைப் பார்த்தேன். துளைக்குள் ஒரு புள்ளி வெளிச்சம்.

"தெரியுது!" என்றேன்.

"எங்க, காட்டுங்கோ" என்று அக்கா வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "ஆமா. தெரியறது."

ஜெட்டுகளை மறுபடி மாட்டிக் குழாயைச் செருகிவிட்டு, டேங்க்கில் இருந்த பாசித் தண்ணீரை வடித்துக் கழுவினோம். சௌந்தர் பழக்கதோஷத்தில் பின் சீட்டுப் பாட்டிலை எடுக்க, அக்கா அதட்டினார்: "அந்த உப்பு ஜலத்தை ஊத்தினே, தெரியும் சேதி!" உள்ளே போய் ஒரு குடம் காவேரித் தண்ணீரோடு வந்தார். "வண்டிக்குத் தீர்த்தம் சாதிக்கற காலம் வந்துடுத்து" என்று சொல்லிக்கொண்டே அவரே ஊற்றினார்.

"ஒரு துளி ஷாம்பு விட்டா நல்லா சுத்தமாகும்" என்றேன். நான் 'ஒரு துளி' என்பதற்குள் சௌந்தர் ஒரு பாக்கெட் முழுவதையும் பிதுக்கியிருந்தார்.

சம்பத் மாமாவின் திருமண்

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சம்பத் மாமா வெளியே வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். குளித்து, பஞ்சகச்சம் கட்டி, நெற்றியில் பளிச்சென்று திருமண் நாமம் இட்டு, கோவிலுக்குக் கிளம்பியிருந்தார். அவ்வளவு நேர்த்தியான திருமண்ணை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை. அடிமட்டம் வைத்துப் போட்டதுபோல இருந்தது.

"என்ன தேடறேள்?" என்று பானெட்டின்மேல் குனிந்தார். "பேட்டரியாத்தான் இருக்கும். நான் சொல்றேன் கேளுங்கோ…"

அந்தப் பக்கம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த சௌந்தருக்கு, தூக்கி நிறுத்திய பானெட்டால் ஒன்றும் தெரியவில்லை. நான் "இருங்க!" என்று கத்தினேன். அவருக்கு அது "அமுக்குங்க" என்று காதில் விழுந்ததாம். அப்படித்தான் இன்றுவரை சொல்கிறார்.

எட்டு மாதம் அடைபட்டுக் கிடந்த ஆவேசம் எல்லாம் சேர்ந்து, ஒரு ஜெட் வானத்தை நோக்கியும், இன்னொன்று சம்பத் மாமாவின் நெற்றியை நோக்கியும் நுரையோடு பீய்ச்சி அடித்தன.

மாமா நகரவில்லை. வெள்ளை இரண்டு கோடாக இறங்கியது. நடுவில் இருந்த சிவப்பு, மூக்கின் வழியாக மீசை வரைக்கும் வந்தது. மூக்கு நுனியில் ஒரு ஷாம்புக் குமிழ் உப்பி, நிதானமாக உடைந்தது.

தீர்ந்தது, என் கல்யாணம் இந்த நெற்றியோடு கரைந்துவிட்டது என்று நினைத்தேன்.

மாமா கையால் துடைத்து, முகர்ந்து பார்த்தார். "எலுமிச்சம்பழமா?" என்றார்.

பின்னால் ஒரு சத்தம். இருமல் என்று நினைத்துத் திரும்பினேன். அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "சம்பத்… சம்பத்…" என்று கையை நீட்டுகிறார், அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்க, அதே சிரிப்பு. தம்பிக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

"சிரி, சிரி" என்றார் மாமா. "இன்னும் ஒரு தரம் அடிக்கச் சொல்லு, முதுகையும் காட்டறேன்." அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி குளிக்க உள்ளே போனவர் ஜன்னல் வழியாக, "பேட்டரி இல்லே! ஒத்துக்கறேன்!" என்று குரல் கொடுத்தார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் வேறு ஆளாக இருந்தார். பானெட்டைச் சாத்தச் சொன்னார். கோலமாவு டப்பாவில் விரலைத் தொட்டு, ஈரக் கண்ணாடியில் இரண்டு இடத்தில் புள்ளி வைத்தார்.

"ஜலம் இங்க விழணும். இங்கயும். வைப்பர் கை போற பாதையில நடு மையம். ஸ்டெல்லா, ஊசியை அந்தத் துவாரத்துல விட்டு ஒரு நூல் அளவு கீழ இறக்கு."

நிமிர்ந்து பார்த்தேன். 'ஸ்டெல்லா' என்று என் பெயரைச் சொல்கிறார். 'இறக்கு' என்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சௌந்தரின் கண்கள் அகலமாகத் தெரிந்தன.

"என்ன பாக்கறே? இறக்கு. இன்னும். போதும். டேய், அமுக்கு! இடது பக்கம் ஜாஸ்தி. அரை நூல் மேல. ஆ, அதான். அமுக்கு!"

இரண்டு நீர்க்கோடு எழுந்து, வளைந்து, இரண்டு புள்ளியிலும் சரியாகப் போய் விழுந்தன. கோலமாவு கரைந்தது. வைப்பர் ஒரே வீச்சில் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போனது. கண்ணாடிக்குப் பின்னால் சௌந்தர், சிரித்த முகமாக, பளிச்சென்று.

நாங்கள் இரண்டு டீச்சர்களும் கை தட்டினோம். "இன்னொரு தரம்" என்றார் அக்கா. அப்புறம் இன்னொரு தரம். டேங்க் காலியாகும்வரை அடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி குடத்தை எடுத்துவரப் போனார்.

மணி ஏழு பத்து. நான் ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன்.

"எங்க போறே?" என்றார் அக்கா.

"நீங்க கிளம்புங்க மேடம், நேரமாச்சு."

"வழியில மறுபடி அடைச்சுண்டா யார் குத்துவா, இவனா? நீயும் வரே. இந்தப் பாசிப் புடவையோட கல்யாணத்துக்கு வர முடியாது. உள்ள வா. என்னோடது ஒண்ணு தரேன்."

உள்ளே போனேன். அந்த வீட்டில் நான் முதலில் பார்த்தது அக்காவின் பீரோதான். அன்று எங்கள் கோவிலில் காலைப் பூசைக்கு நான் போகாததற்கு அண்ணனிடம் என்ன காரணம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, ஒரு பச்சைப் பட்டைச் சுற்றிக்கொண்டேன். அளவில்லாத ரவிக்கையை அக்காவே இரண்டு பக்கமும் ஊக்கு குத்திப் பிடித்துவிட்டார்.

மதுரை ரோட்டில்

விராலிமலை தாண்டியதும் மழை நின்று, ரோடெல்லாம் சேறு. துவரங்குறிச்சிக்கு முன்னால் ஒரு பஸ் எங்களை முந்திக்கொண்டு போகும்போது, முழுக் கண்ணாடியும் மறைந்தது.

"அமுக்குடா!" என்று பின் சீட்டிலிருந்து அக்கா கூவினார்.

இரண்டு கோடு எழுந்தது. வைப்பர் போனது, வந்தது. ரோடு தெரிந்தது, வானம் தெரிந்தது, பஸ்ஸின் பின்பக்கம் எழுதியிருந்தது வரைக்கும் தெரிந்தது. மூன்று பேரும் ஏதோ மேட்ச்சில் ஜெயித்ததுபோலக் கத்தினோம். அதற்குப் பிறகு மதுரை வரைக்கும், சேறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஐந்து மைலுக்கு ஒரு முறை அக்கா "ஒரு தரம் போட்டுப் பாரு" என்றார். சௌந்தரும் போட்டார்.

மண்டப வாசலில் பெண்ணின் அம்மா நின்றுகொண்டிருந்தார். புடவைப் பையைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். முக்கால் மணி நேரத்தில் பெண் கூரைப்புடவையில் மணையில் வந்து உட்கார்ந்தாள். ரவிக்கை கச்சிதமாக இருந்தது. இழுத்தடித்த டெய்லரை அக்கா அப்போது மன்னித்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் அக்கா என்னைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். சௌந்தர் எதிர் வரிசையில். சாதம் விழுந்தபோது, எனக்கு அடுத்த இலையில் இருந்த மாமி அக்காவிடம் கேட்டார்: "இவா யாரு? தெரியலையே."

"சௌந்தருக்குப் பாத்திருக்கற பொண்ணு" என்றார் அக்கா, இலையில் நெய் விட்டுக்கொண்டே.

சௌந்தருக்குப் புரையேறியது.

"அப்படியா! ரொம்ப சந்தோஷம். பொண்ணு என்ன நட்சத்திரம்?"

எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த தேதி தெரியும். நட்சத்திரம் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா நிமிரவே இல்லை. "பேரே நட்சத்திரம்தான்" என்றார். "சாத்தமுது வரது, இலையைப் பாருங்கோ."

"நட்சத்திராவா? லட்சணமா வெச்சிருக்கா" என்று மாமி திருப்தியோடு ரசத்துக்குச் சாதத்தில் குழி வெட்டிக்கொண்டார்.

ஸ்டெல்லா என்றால் லத்தீனில் நட்சத்திரம். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் அப்பாவிடம் சொன்னது அது. சௌந்தருக்கு நான் சொன்னதில்லை. ஸ்கூலில் யாரும் கேட்டதில்லை.

கை கழுவும் இடத்தில் அக்கா பக்கத்தில் நின்று கேட்டேன். "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" மேடம் எப்போது அக்காவானது என்று நானே கவனிக்கவில்லை.

"அவன் வந்து உன் பேரைச் சொன்ன அன்னிக்கே டிக்‌ஷனரியை எடுத்துப் பாத்தேன்" என்றார். கையை உதறினார். தலைப்பில் துடைத்துக்கொண்டார். "நல்ல பேர்."

அப்புறம் வெற்றிலைத் தட்டைத் தேடிக்கொண்டு போனார்.